கண்மாய்க் குழுவுக்கு ஒரு லோகோ: முதல் யோசனையிலிருந்து மண்வெட்டிப் பிடி வரை

கண்மாயைச் சீரமைக்க ஆள் சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சீமைக் கருவேலத்தை வெட்ட இருபது பேர் வருகிறார்கள். யாரோ மோர் கொண்டுவருகிறார்கள், யாரோ வண்டி தருகிறார்கள். அப்போதுதான் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி வரும்: "நமக்கு ஒரு லோகோ வேண்டாமா?" அடுத்த அரை மணி நேரத்தில் இரண்டு கைகள், நடுவில் பூமி, மேலே ஒரு இலை, ஓரத்தில் நீர்த்துளி என்று படங்கள் குவியும். ஆளுக்கு ஒன்று பிடிக்கும், ஆளுக்கு ஒன்று பிடிக்காது. ராத்திரி உட்கார்ந்து ஒன்றை வரைந்து அனுப்பிய தம்பி, வந்த விமர்சனங்களைப் படித்துவிட்டு அடுத்த ஞாயிறு வராமல் போவான்.

மதுரைப் பக்கத்தில் இப்படியொரு குழுவில் நான் இருக்கிறேன். முதல் முறை லோகோ தேர்வு செய்தபோது எங்களுக்கு நடந்தது இதுதான். லோகோவும் அமையவில்லை, நல்ல உழைப்பாளி ஒருவரையும் இழந்தோம். இரண்டாம் முறை நிதானமாகச் செய்தோம். அந்த வழியை இங்கே எழுதுகிறேன். உதாரணங்கள் கண்மாயைச் சுற்றியே இருக்கும். ரத்த தானக் குழுவோ, ஊர் நூலகக் குழுவோ நடத்துபவர்கள் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன்னார்வக் குழுவின் லோகோவை அந்தக் குழுவில் உள்ள யாரும் கையால் வரைய முடிய வேண்டும். சுண்ணாம்பும் தூரிகையும் வைத்திருக்கும் பெரியவர், சாக்பீஸ் வைத்திருக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, கோலம் போடும் அக்கா, எல்லோராலும். நம்மிடம் விளம்பரப் பணம் கிடையாது, ஆட்களின் கைதான் இருக்கிறது. லோகோ பரவினால் அந்தக் கை வழியாகத்தான் பரவும்.

ஐம்பது வயது தாண்டியவர்களைக் கேளுங்கள், தலைகீழாக நிற்கும் சிவப்பு முக்கோணத்தை நினைவில் வைத்திருப்பார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்துக்காக 1960களில் வந்த சின்னம் அது. மத்திய சுகாதாரத் துறையில் இருந்த தீப் தியாகி என்பவரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. மூன்று கோடு, ஒரு நிறம், அவ்வளவுதான். எந்த ஊர்ச் சுவரிலும் எந்தப் பெயிண்டரும் தப்பில்லாமல் போட முடிந்தது. உலக வனவிலங்கு நிதியத்தின் பாண்டா 1961-இல் பிறந்தது. லண்டன் விலங்குக் காட்சி சாலையில் இருந்த சீ-சீ என்ற பாண்டாவைப் பார்த்துத் தோன்றிய யோசனை அது. அதைத் தேர்ந்தெடுத்ததற்கு அச்சுச் செலவும் ஒரு காரணம்: கறுப்பு வெள்ளை மிருகம், ஒரே மை போதும். அவ்வளவு பெரிய அமைப்பே தொடக்கத்தில் மைச் செலவைப் பார்த்திருக்கிறது. நாம் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பெயர் முடிவாகாமல் தொடங்காதீர்கள்

"நீர்நிலைப் பாதுகாப்பு இயக்கம்" என்று லோகோ வரைந்து முடித்த பிறகு, "இயக்கம் என்றால் அரசியல் மாதிரி இருக்கிறது, குழு என்று மாற்றலாம்" என்று ஒருவர் சொன்னால் எல்லாம் முதலிலிருந்து. முதலில் பெயர், எழுத்துக்கூட்டலோடு. கண்மாயா, கம்மாயா என்பது உட்பட. ஊரில் எல்லோரும் கம்மாய் என்றுதான் சொல்வார்கள், எழுதும்போது கண்மாய். எங்கள் குழுவில் இதற்கே ஒரு மாலை போனது, ஆனால் அது வீண் என்று நான் நினைக்கவில்லை.

பெயரோடு ஒரு வரியும் எழுதி வையுங்கள்: நாம் என்ன செய்கிறோம், யாருக்காக. "எங்கள் கண்மாயின் வரத்துக்கால்களையும் மடைகளையும் ஊரோடு சேர்ந்து பராமரிக்கிறோம்." இவ்வளவு போதும். (வரத்துக்கால் என்பது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய், மடை என்பது அங்கிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாய்.) லோகோ எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. மரம், தண்ணீர், கல்வி, பெண் முன்னேற்றம் நான்கும் ஒரே வட்டத்துக்குள் இருந்தால் பார்ப்பவருக்கு ஒன்றும் நிற்காது.

எங்கெங்கே வரப்போகிறது?

ஒரு தாளில் பட்டியல் போடுங்கள். பெரும்பாலான குழுக்களுக்கு இது இப்படித்தான் இருக்கும்: ரப்பர் ஸ்டாம்ப், நன்கொடை ரசீதுப் புத்தகம், வாட்ஸ்அப் டி.பி., கலெக்டர் அலுவலகத்துக்குக் கொடுக்கும் மனுவின் தலைப்பு, பனியன், ஒரு பேனர், மண்வெட்டிப் பிடி. இந்தப் பட்டியல்தான் பின்னால் பாதிச் சண்டையைத் தீர்த்துவைக்கும்.

ரப்பர் ஸ்டாம்பில் ஒரே நிறம், மெல்லிய கோடு நிற்காது, நிழல் வராது. டி.பி.யில் வட்டமாக வெட்டுப்படும், அகலமான லோகோவின் இரண்டு பக்கமும் போய்விடும். பனியனுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், ஆகவே நான்கு நிறம் என்றால் செலவும் ஏறும். முப்பது பனியன் மட்டும் அடிக்கும் குழுவுக்கு இது பெரிய வித்தியாசம். பேனர் மட்டும்தான் எதையும் தாங்கும். ஆனால் எல்லோரும் பேனரை மனதில் வைத்தே லோகோ வரைகிறார்கள். ஸ்டாம்பிலிருந்து தொடங்குங்கள். ஸ்டாம்பில் நிற்பது பேனரிலும் நிற்கும்.

எதை வரைவது: கரையில் நடந்து தேடுங்கள்

இணையத்தில் "நீர் லோகோ" என்று தேடினால் உலகத்தில் எந்த ஊருக்கும் பொருந்தும் துளிதான் கிடைக்கும். ஒரு சாயங்காலம் நான்கைந்து பேராகக் கரை முழுக்க நடந்து பாருங்கள். கூட ஒரு வயதானவரைக் கூட்டிப் போங்கள், முடிந்தால் வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட பழைய நீர்பாய்ச்சி யாரையாவது. நமக்குக் கண்ணில் படாதது அவருக்குப் படும்.

எங்களுக்குக் கிடைத்தது மடைத் தூண். தென் மாவட்டக் கண்மாய்களில் கரைக்கு உட்புறம் இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுவே துளையிட்ட குறுக்குக் கற்கள். அந்தத் துளை வழியாக ஒரு கம்பை இறக்கித்தான் அடியில் இருக்கும் மடைவாயை மூடித் திறப்பார்கள். வரைந்தால் இரண்டு நிமிர்ந்த கோடு, இரண்டு படுத்த கோடு, கீழே ஓர் அலை. சின்னப் பிள்ளையும் போட்டுவிடும். அதோடு, தண்ணீரைத் தேக்குவது மட்டுமல்ல, அளந்து பங்கிடுவதும் எங்கள் வேலை என்பதை அது சொல்லாமல் சொல்கிறது. உங்கள் ஊரில் அது நிரம்பிய தண்ணீர் வழிந்தோடும் கலிங்காக இருக்கலாம், கரைப் பனையாக இருக்கலாம், ஆண்டுதோறும் வரும் நத்தைகுத்தி நாரையாக இருக்கலாம். பனை நம் மாநில மரம். மரங்களிலேயே கையால் வரைய எளிதானதும் அதுதான்.

பறவை வரைவதென்றால் ஒரு எச்சரிக்கை. எங்கள் முதல் லோகோவில் கூழைக்கடா இருந்தது. வரைந்தவருக்கு அது கூழைக்கடா. நூறு நாள் வேலைக்கு வந்த ஒரு பாட்டியிடம் காட்டினோம். "என்னப்பா, வாத்துப் பண்ணை வைக்கப்போறீங்களா?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நீண்ட அலகும் தொங்கும் பையும் சிறிய அளவில் தெரியவில்லை. பறவை என்றால் ஒரே ஒரு அடையாளத்தைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

கரையில் நடக்கும்போது அய்யனார் கோயிலும் மண் குதிரைகளும் கண்ணில் படும். அழகு என்றால் அப்படியொரு அழகு. எனக்கும் அந்தப் புரவியை வைக்க ஆசை இருந்தது. ஆனால் கண்மாயில் பாத்தியதை உள்ளவர்கள் எல்லோரும் அந்தக் கோயிலில் ஒரே மாதிரி மரியாதை பெறுகிறவர்களா, வேற்று மதக் குடும்பங்கள் ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலப்பரப்பில், இருக்கின்றனவா என்று யோசித்தோம். ஒரு தெருக்காரர்கள்கூட "இது நம்ம குழு இல்லை" என்று நினைக்கக் கூடாது. குதிரையை விட்டோம். உங்கள் ஊரில் பதில் வேறாக இருக்கலாம். கேள்வியைக் கேட்காமல் மட்டும் இருக்காதீர்கள்.

நம் ஊரில் படமும் நிறமும் பேசும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். வேறு நாட்டு வழிகாட்டி எதிலும் இது இருக்காது.

தண்ணீரும் கரையும் வரைந்ததும் கை தானாக மேலே ஒரு சூரியனை வைக்கும். தமிழ்நாட்டில் அலைக்கு மேலோ மலைக்கு நடுவிலோ உதிக்கும் சூரியன் ஒரு கட்சியின் சின்னம். இரண்டு இலை இன்னொரு கட்சி. தாமரை குளத்துக்கு எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் அது ஒரு கட்சி. விரித்த கை, மாம்பழம், பம்பரம், முரசு, பானை, எல்லாம் தேர்தலில் பார்த்தவை. 1951-52 பொதுத் தேர்தலில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாக்களிக்க வேண்டும் என்பதற்காகவே படச் சின்னங்கள் வந்தன. அதனால் நம் மக்கள் சின்னத்தைப் படிப்பதில் தேர்ந்தவர்கள். நீங்கள் "இது வெறும் சூரியன்தான்" என்று விளக்குவதற்குள் "அந்தக் கட்சி ஆளுங்க" என்று பேச்சு போய்விடும். தேர்தல் நேரத்தில் பேனரை மூடச் சொல்லி யாராவது வந்தாலும் வரலாம்.

நிறமும் அப்படித்தான். கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. அதைவிட நுட்பமானது சாதி நிறங்கள். தென் மாவட்டங்களில் மாணவர்கள் கையில் கட்டும் கயிற்றின் நிறமே சாதியைச் சொல்லும் நிலை இருந்து, 2019-இல் பள்ளிக் கல்வித் துறை அதைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்பியது. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும் 2024-இல் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. எந்தச் சேர்க்கை உங்கள் வட்டாரத்தில் யாரைக் குறிக்கிறது என்பது வெளியூர் டிசைனருக்குத் தெரியாது. நிறத்தை இறுதி செய்யும் முன் ஒவ்வொரு தெருவிலும் ஒருவரிடமாவது காட்டுங்கள். ஒரே நிறம் வைத்துக்கொள்வது இந்தச் சிக்கலில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். நாங்கள் மண் கலந்த பழுப்பு எடுத்தோம். கண்மாய்த் தண்ணீரின் உண்மையான நிறமும் அதுதான்.

சட்டம் தடுப்பவையும் சில உண்டு. நான்கு சிங்கத் தேசியச் சின்னத்தையோ அதைப் போலத் தோன்றும் ஒன்றையோ அரசுத் தொடர்பு இருப்பதுபோல் காட்டும்படி பயன்படுத்தினால், 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ வரலாம். காந்தியின் படம், தேசியக் கொடி, மாநில அரசு முத்திரை, ஐ.நா. சின்னம் ஆகியவை 1950-ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. அந்தச் சட்டம் தொழில், வணிகப் பயன்பாட்டைப் பற்றியது, நமக்கு ஏன் என்று வாதாடலாம். வாதாடுவதைவிட விலகி நிற்பது நல்லது. மருத்துவ முகாம், ரத்த தானம் நடத்தும் குழுக்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது: வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை பொதுச் சொத்து அல்ல. 1864 ஜெனீவா உடன்படிக்கையில் போர்க்களத்தில் காயம்பட்டவரைக் காக்க வந்த அடையாளம் அது. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் மத்திய அரசின் அனுமதியின்றி அதைப் பயன்படுத்தத் தடை விதிக்கிறது. ரத்தத் துளி வரைந்துகொள்ளுங்கள், சிலுவை வேண்டாம்.

வரைதல்

கணினியைத் திறக்காதீர்கள். ஏ4 தாளும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவும் போதும். குழுவில் விருப்பமுள்ள எல்லோரும் வரையட்டும், பெயர் எழுதாமல். தடித்த பேனா கட்டாயம், ஏனென்றால் அது நுணுக்கங்களைத் தானாகவே தடுத்துவிடும். அவற்றில் மூன்றை எடுத்து, கணினியில் வரையத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இங்க்ஸ்கேப் இலவச மென்பொருள், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

கேன்வாவில் தயாராக இருக்கும் லோகோவை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவது எளிது. ஆனால் அதே படம் வேறு யாரோ ஒருவரின் அழகு நிலையத்துக்கும் போயிருக்கும். உங்களுக்கென்று தனி உரிமை கிடையாது. ஏ.ஐ. படங்களை யோசனைக்குப் பார்க்கலாம். தமிழ் எழுத்துகளை அவை அடிக்கடி சிதைக்கின்றன, கையால் வரைய முடியாத அளவுக்கு நுணுக்கத்தையும் சேர்த்துவிடுகின்றன.

பெயரைத் தமிழில் எழுதும்போது ஃபான்ட்டை உரிமம் பார்த்து எடுங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள கேட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பாலு தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் வருபவை, லோகோவுக்குத் தடையில்லை. அப்புறம், ஃபிளெக்ஸ் கடைகளில் பெரும்பாலும் கோரல் ட்ராவும் யூனிகோடுக்கு முந்தைய பழைய ஃபான்ட்களும்தான் ஓடும். நீங்கள் அனுப்பிய எழுத்து அங்கே திறக்கும்போது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். எங்கள் முதல் பேனரில் "குழு"வே குழம்பித்தான் வந்தது. தீர்வு எளிது: எழுத்தை முழுக்க "கர்வ்" (curve) எனும் கோட்டு வடிவமாக மாற்றிய பிறகே கோப்பைக் கொடுங்கள். பிறகு அது எழுத்தல்ல, படம். எங்கும் உடையாது.

சோதனைகள்

பிடிக்கிறதா என்று கேட்காதீர்கள். "இது என்ன?" என்று கேளுங்கள். இரண்டாம் முறை நாங்கள் கற்ற பெரிய பாடம் இதுதான். பிடிப்பது ஆளுக்கு ஆள் மாறும், தெரிவது அப்படி மாறாது.

டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளிடம் காட்டினோம். மடைத் தூணைப் பெரியவர்கள் பார்த்தவுடனே சொன்னார்கள். இளையவர்கள் பலர் "ஏணி" என்றார்கள். அலையைத் தூணின் அடியிலிருந்து நடுப்பகுதிக்கு ஏற்றி, குறுக்குக் கல்லின் துளை வழியாக ஒரு கம்பு இறங்குவதுபோல் வரைந்ததும் "தண்ணிக்குள்ள நிக்குதே, மடையா?" என்று வந்தது. அந்த மாற்றத்தைக் குழுவில் யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை, கேட்டதால் கிடைத்தது.

பிறகு ஜெராக்ஸ் சோதனை: ஒரு பிரதி எடுத்து, அதை மறுபடி பிரதி எடுத்து, ஐந்தாவது பிரதியில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டுப் பாருங்கள். பத்து நொடி காட்டி மறைத்து, ஒரு பிள்ளையை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். சாலைக்கு எதிர்ப்புறம் நின்று பாருங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், அந்த இரண்டு நிறத்தை மட்டும் வைத்துப் பொருள் சொல்லும் லோகோ அவர்களுக்குப் புரியாது.

முடிவெடுத்தல்

வாட்ஸ்அப் வாக்கெடுப்பு வேண்டாம். அதில் போனைக் கையில் வைத்திருப்பவர்கள் வெல்வார்கள், மண்வெட்டியைக் கையில் வைத்திருப்பவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள். வேலை முடிந்து எல்லோரும் கரையில் உட்காரும் நேரத்தில் மூன்று படங்களையும் சோதனை முடிவுகளோடு விரித்து வையுங்கள். வரைந்தவர் யார் என்று அப்போதும் சொல்ல வேண்டாம். எது ஸ்டாம்பில் அழிந்தது, எதைப் பாட்டி வாத்து என்றார், எதைப் பிள்ளைகள் திரும்ப வரைந்தார்கள் என்று படியுங்கள். பெரும்பாலும் ஒன்று தானாகவே முன்னால் வந்து நிற்கும். இழுபறி வந்தால் ஐந்து பேரிடம் பொறுப்பைக் கொடுங்கள், அதில் இரண்டு பெண்களாவது, ஒரு இளையவராவது இருக்கட்டும். அவர்கள் முடிவே முடிவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தேர்வாகாத படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் கூழைக்கடா இப்போது பறவைக் கணக்கெடுப்புக்குப் போகும் பிள்ளைகளின் குறிப்பேட்டு அட்டையில் இருக்கிறது. அதை வரைந்தவரிடம் நானே போய்ப் பேசி அனுமதி வாங்கினேன். முதல் முறையே அவரிடம் போய்ப் பேசியிருக்க வேண்டும் என்பது இன்றும் என் மனதில் இருக்கிறது.

உரிமைக் கடிதம்

நண்பர்தானே வரைந்தார் என்று இதை விட்டுவிடுவார்கள். 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலைக்கு அமர்த்தப்பட்டு வரைந்ததாக இல்லாவிட்டால், லோகோவின் உரிமை பொதுவாக வரைந்தவருக்கே. காசு கொடுத்து வரையச் சொன்னாலும் உரிமை தானாக மாறிவிடாது. எழுத்தில், கையெழுத்தோடு மாற்றித் தர வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமை பெற்றவர் ஓராண்டு பயன்படுத்தாமல் இருந்தால் அது காலாவதியாகவும் வழி உண்டு. ஆகவே கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதுங்கள்:

"இத்துடன் இணைத்துள்ள லோகோவை நான் சொந்தமாக வரைந்தேன். இதன் பதிப்புரிமை முழுவதையும், அதன் காலம் முழுமைக்கும், உலகம் முழுவதற்கும், ... குழுவுக்கு மாற்றித் தருகிறேன். பயன்படுத்தாத காலத்தாலும் இந்த உரிமை காலாவதியாகாது. இதற்காகப் பெற்ற தொகை ... ரூபாய் / தொகை ஏதும் பெறவில்லை. வரைந்தவர் என்று என் பெயரைக் குழுவின் ஆவணங்களில் குறிப்பிட வேண்டும்."

தேதி, இரு தரப்புக் கையெழுத்து, இரண்டு சாட்சி. குழு இன்னும் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவாகவில்லை என்றால் அதன் பெயரில் சொத்து நிற்காது, பொறுப்பாளர்கள் சிலரின் பெயரில் கூட்டாக எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

வணிக முத்திரைப் பதிவு உடனே தேவையில்லை என்பது என் கருத்து. இணையவழி விண்ணப்பத்துக்கே தனிநபர், சிறு நிறுவனங்களுக்கு ஒரு வகைக்கு 4,500 ரூபாய், சங்கம், அறக்கட்டளை போன்ற மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். அந்தப் பணத்தில் ஜே.சி.பி. சில மணி நேரம் ஓடும். ஆனால் அறிவுசார் சொத்து அலுவலகத்தின் இணையதளத்தில் பொதுத் தேடல் இலவசம். உங்கள் பெயரை ஏற்கெனவே யாரும் வைத்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.

கோப்புகளும் ஒரு பக்க விதியும்

எஸ்.வி.ஜி., பி.டி.எஃப்., பின்னணியில்லாத பி.என்.ஜி. மூன்றும் வேண்டும். ஒவ்வொன்றிலும் முழுக் கறுப்பு, முழு வெள்ளை, குழுவின் நிறம். மூன்று பேரிடம் பிரதி இருக்கட்டும். ஒருவருடைய லேப்டாப்பில் மட்டும் இருந்து, அவர் வெளிநாடு போனபின் பழைய பேனரைப் போட்டோ எடுத்து லோகோ வெட்டிய குழுக்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு பக்கத்தில் விதி எழுதுங்கள்: நிறம் என்ன, குறைந்தபட்ச அளவு என்ன, யாருடைய அனுமதி இல்லாமல் வேறு நிகழ்ச்சிக்கு லோகோ தரக் கூடாது. கடைசியது முக்கியம். ஊரில் யார் விழா நடத்தினாலும் "உங்க லோகோவையும் போட்டுக்கிறோம்" என்பார்கள். அதே பேனரில் ஒரு கட்சிக்காரர் படமும் வரும்.

மடைச் சுவரிலோ கலிங்கிலோ லோகோ எழுத ஆசை வரும். அவை நீர்வளத் துறைக்கோ ஊராட்சி ஒன்றியத்துக்கோ உரியவை. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. அனுமதி வாங்கிச் செய்யுங்கள். பழைய மடைத் தூணில் கல்வெட்டு இருக்கலாம், அதில் பெயிண்ட் வேண்டவே வேண்டாம்.

நம் கருவிகளில் தாராளமாகப் போடலாம். பழைய எக்ஸ்ரே படம் ஒன்றை எடுத்து, லோகோவைப் பிளேடால் வெட்டி அச்சுத் தகடு செய்துகொள்ளுங்கள். முழுதாக மூடிய வட்டம் இருந்தால் நடுப்பகுதி கழன்று விழும், ஆகவே ஒரு சின்ன இணைப்பு விட்டு வெட்ட வேண்டும். மண்வெட்டிப் பிடி, கடப்பாரை, இரும்புச் சட்டி எல்லாவற்றிலும் எனாமல் பெயிண்டைப் பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும். எங்கள் ஐந்தாவது மண்வெட்டிக்குத் தகடு கிழிந்துவிட்டது. மீதியைப் பிள்ளைகள் தூரிகையால் போட்டார்கள்.